மணல் மூட்டைக்குப் போட்டியாக ஒருவர்

காரில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அப்பாசாமிக்குச் சம்பளம் கொடுக்கிறார்களாம். மலாக்காவின் காஜா பேராங் வட்டாரம் முழுக்க இதே பேச்சு. சுதந்திர நாட்டில் இந்த வசதி மந்திரிகளுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்ததால், விசாரிக்கக் கிளம்பினேன்.

பேச்சு உண்மைதான். கிளேபாங் சாலையில் புதிதாக எழும்பிய தகரக் கொட்டகையில், கப்பலில் பெட்டி பெட்டியாக வரும் உறுப்புகளைப் பூட்டிக் கார் ஆக்குகிறார்கள். அதைப் பாரம் ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் பாரம்தான் அப்பாசாமி. மூன்று மாதத் தற்காலிக வேலை. ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதில் பால்வெட்டு வேலை போய், மனைவி ருக்மணியோடு இங்கே ஒற்றை அறைக்குக் குடிவந்தவர். வேலை நீண்டால்தான் அறை நிலைக்கும்.

அதற்குள் போட்டிக்கு வந்தது மணல் மூட்டை.

"மூட்டைக்குச் சம்பளம் வேணாம், தே தண்ணி வேணாம். உங்களை எதுக்கு வெச்சிருக்கணும், சொல்லுங்க" என்றார் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் கலியாணசுந்தரம்.

கேட்டதில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் "கார் எப்படி?" என்பார் மண்டோர். "நல்லா இருக்குங்க" என்பார் அப்பாசாமி. விருந்துக்குப் போன வீட்டில் உப்பில்லாத குழம்பையும் மெச்சுகிற வளர்ப்பு.

ருக்மணிக்குப் பொறுக்கவில்லை. "கதவு ஆடுது, முதுகு வலிக்குதுன்னு எங்கிட்டதான் புலம்புறீங்க. அங்க சொன்னா வாய் வெந்துருமா?"

"சம்பளமும் குடுத்துக் காருலயும் ஏத்துறாங்க. அவங்க பொருளைக் குறை சொன்னா நல்லாவா இருக்கும்?"

"மீன்காரன்கிட்ட மட்டும் அந்த மரியாதை எங்க போகுதாம்?"

மறுநாள் அப்பாசாமி காரை மீனாகப் பாவித்தார். பின்கதவு கடகடக்கிறது, இருக்கைக் கம்பி குத்துகிறது, பள்ளத்தில் இறங்கினால் அடியில் எதுவோ முனகுகிறது. மண்டோர் குனிந்து பார்த்தால், முடுக்காத திருகாணிகள். மூட்டை அதுவரை வாயே திறக்கவில்லை.

அப்பாசாமிக்கு ஓராண்டு நீட்டிப்பு. கூடவே உட்கார இன்னும் மூன்று பேர் எடுத்தார்கள். மூட்டை வாசற்கதவுக்கு முட்டுக் கொடுக்க மாற்றலானது. குறை சொன்னவருக்கு வேலை நீண்ட இடம் மலாக்காவில் வேறெங்காவது இருந்தால் தெரிவியுங்கள்.

ஒரு இருக்கை காலி என்று என்னையும் தெங்கேரா வரை ஏற்றிப் போனார்கள். இறங்கியதும் அப்பாசாமி கையை நீட்டி மறித்தார்.

"ஏறினவங்க ஆளுக்கொரு குறை சொல்லணும், தம்பி."

"ஒண்ணும் தோணலையேண்ணே."

"அப்ப பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடணும்."

வெள்ளி போய் இன்று செவ்வாய். இன்னும் கொடுத்தபாடில்லை.