தந்தையின் கையொப்பம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏன் மறைத்தாய் என்று யாரும் கேட்கக்கூடாது. மலேசியாவில், கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறாம் வகுப்பு முடித்துப் படிவம் ஒன்றுக்கு வரும் பிள்ளைகளில் ஆங்கிலம் நன்றாக வருகிறவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து ஒரு சிறப்பு வகுப்பு உண்டு. அது என் வகுப்பு. முதல் நாள் உள்ளே நுழைந்ததும் மர அடிக்கோலை மேசைமேல் ஓங்கி ஒன்று போடுவேன். அந்த வருடம் போட்ட போட்டில் அடிக்கோல் பிளந்து, ஒரு சில்லு முன்வரிசையில் இருந்த ஒருத்தியின் காதோரமாகப் பறந்து சுவரில் பட்டு விழுந்தது. முப்பது பிள்ளைகளும் மூச்சு விடவில்லை. எனக்கோ உள்ளூர ஒரே சந்தோஷம்.

பிறகு விதிமுறைத் தாளைக் கொடுத்தேன். தாமதமாக வரும் கட்டுரையை வாங்கமாட்டேன், மேசையில் வைத்தால் கிழித்துப் போடுவேன். அப்படிக் கிழித்தும் இருக்கிறேன், எழுதியவன் அழஅழ. ஒரு சொல் பிசகினால் அரைப் புள்ளி போகும். ‘கிட்டத்தட்ட அதே அர்த்தம்தானே டீச்சர்’ என்று வாதாட வந்தால் இன்னோர் அரைப் புள்ளியும் போகும். சோதனையில் எழுபதுக்குக் கீழே வாங்கினால் அந்தத் தாளில் வீட்டுக் கையொப்பத்தோடு வரவேண்டும். பொய்க் கையெழுத்து என்று கண்டால் அன்றோடு என் வகுப்பை விட்டு வெளியே போகவேண்டும். இதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதினேன். மலாயில் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். தமிழில் எழுதச்சொல்லி யாரும் கேட்கவில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளின் வீட்டுக்காக நானே உட்கார்ந்து அரைமணி நேரத்தில் எழுதி, திரும்பப் படித்துக்கூடப் பார்க்காமல் பிரதி எடுத்துவிட்டேன். வேறு யார் இப்படி மெனக்கெடுவார்கள் என்று தலைகால் புரியாத பெருமை வேறு.

பெற்றோர் சந்திப்பில் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். கையெல்லாம் எண்ணெய்க் கறை, சட்டை மட்டும் இஸ்திரி போட்டு மொடமொடவென்று இருந்தது. மகள் பக்கத்தில் நின்றாள். தாய் நாலடி தள்ளி, என் தமிழ்த் தாளை விரலால் வரிவரியாகத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார். தகப்பனார் தமிழ் படித்தவரில்லை. அதனால் தாளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தே பேசினார்.

“கண்ண மட்டும் விட்டுட்டு எங்க வேணும்னாலும் அடிங்க டீச்சர். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன் லா.”

இதைச் சொல்லாத தமிழ்த் தகப்பன் உண்டா? என் அப்பாவும் என் ஆசிரியரிடம் சொன்னதுதான். அந்த ஆசிரியர் பலகை அழிப்பானின் கட்டையால் என் விரல் முட்டிகளைத் தட்டுவார். மழைக் காலத்தில் இப்போதும் ஒரு முட்டி வலிக்கிறது. ஆனாலும் நான் அன்று வாய்விட்டுச் சிரித்தேன். என்ன ஈனச் சிரிப்போ அது.

அவருடைய மகள் ஜன்னலோரம் உட்காருவாள். முதல் கட்டுரையில் அவள் எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். சிறப்பு வகுப்புக்குத் தேர்வானவர்களின் பட்டியலை ஒட்டிய அன்று, ஓய்வு நேரத்தில் நான்கு தடவை போய்த் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாளாம். நான்காவது தடவை, யாரும் பார்க்காதபோது, பெயரைத் தொட்டும் பார்த்தாளாம். வீட்டில் எதைச் செய்தாலும் ‘கிழிச்ச’ என்பார்களாம். இந்த வகுப்பு ஒன்றுதான் அவள் கிழித்த காரியம் என்று எழுதி முடித்திருந்தாள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கொண்டுவர அவள் பட்ட பாட்டுக்காகவே அரைப் புள்ளி குறைக்காமல் விட்டேன். வேறு யாருக்கும் விட்டதில்லை.

இரண்டாம் சோதனையில் அவளுக்கு அறுபத்து நான்கு வந்தது. மறுநாள் கையொப்பத்தோடு தாள் திரும்பி வந்தது. பார்த்ததுமே எனக்குப் பொறி தட்டியது. விதிமுறைத் தாளின் மலாய்ப் பிரதியில், படித்ததாகத் தகப்பனார் போட்டுக்கொடுத்த கையெழுத்து ஒரே வீச்சில் இருந்தது. இதுவோ நடுங்கி நடுங்கி வந்து, கடைசியில் கொக்கிபோல ஒரு வால். இரண்டு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. வகுப்பு முழுக்கப் பார்க்க அவளை எழுப்பி நிற்கவைத்து, யார் போட்டது என்று கேட்டேன். மேசையைத் தட்டினேன், கத்தினேன், அவளுடைய புத்தகத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அட்டை தனியாகப் போய் விழுந்தது. அப்போதும் அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள்.

“என்னை வகுப்ப மட்டும் மாத்திடாதீங்க டீச்சர்.”

என் விதிப்படி அன்றே அவளை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். அந்தக் கட்டுரையை நினைத்து மனம் இளகிவிட்டது. சரி, ஒரு தடவை மன்னிப்போம், வீட்டுக்குச் சொல்லிவிட்டு விட்டுவிடுவோம் என்று அவளுடைய அப்பாவைப் போனில் அழைத்தேன். துறைமுகத்தில் லோரிச் சத்தம் காதைப் பிளந்தது. மகள் பொய்க் கையெழுத்து போட்டிருக்கிறாள், இந்த முறை விட்டுவிடுகிறேன், நீங்கள் கொஞ்சம் கண்டித்து வையுங்கள் அண்ணே என்றேன். நான் பாத்துக்கிறேன் என்று வைத்துவிட்டார். தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு என்று நினைத்துக்கொண்டே அன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள், பாஜு கூரோங்கில். மற்ற நாட்களில் எங்கள் தமிழ்ப் பெண்களைப்போல் முட்டிவரைக்கும் உள்ள நீலச் சீருடையில் வருகிறவள், கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிய மலாய் உடுப்பில் வந்து நின்றாள். என்ன திடீரென்று கல்யாணப் பெண்போல என்று கேலி செய்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு பலகையில் ஒரு வாக்கியம் எழுதக் கூப்பிட்டேன். கையை உயர்த்தினாள். உடுப்பின் அகலமான கை வழுக்கிக்கொண்டு முழங்கைக்கு இறங்கியது.

மணிக்கட்டிலிருந்து மேலே வரிவரியாகத் தடித்திருந்தது. ஒவ்வொன்றும் விரல் கனம். சில நீலம், சில கறுப்பு, ஒன்றில் தோல் பிரிந்து நீர் கட்டியிருந்தது. கார் கழுவுகிற ரப்பர் குழாயால் அடித்தால்தான் அப்படி விழும். அவள் அவசரமாகக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, மறு கையால் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அதே அறுபத்து நான்கு. கீழே ஒரே வீச்சில் தகப்பனாரின் கையெழுத்து. ஸைன் வாங்கிட்டேன் டீச்சர், இப்ப இருக்கலாமா என்று கேட்டாள்.

ஆலோசக ஆசிரியையின் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்திப் பார்த்தோம். முதுகை நான் இங்கே எழுதப்போவதில்லை. சமூகநல இலாகாவுக்குப் பேசினார்கள், போலீசுக்கும் சொன்னார்கள். அவர்கள் வருவதற்குள் எப்படியோ தெரிந்துகொண்டு தகப்பனார் மகளை இழுத்துப்போக வந்துவிட்டார். நடைபாதையில் அவளுடைய சடையைப் பிடித்துவிட்டார். நான் குறுக்கே விழுந்து அவர் மணிக்கட்டைக் கடிக்காத குறையாகப் பிடித்தேன். உதறிய வேகத்தில் முழங்கை என் வாயில் இடித்தது. உதடு கிழிந்து ரத்தம் உப்புக் கரித்தது. என் கக்கத்தில் வகுப்பின் தடித்த அகராதி இருந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி அவர் முகத்தில் படாரென்று அறைந்தேன். மூக்கு உடைந்தது. நீங்கதானே கண்டிக்கச் சொன்னீங்க என்றார். கண்டிக்கத்தானே சொன்னேன், கொல்லவா சொன்னேன் என்று இன்னொன்று போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போது கை நிற்கவில்லை, நிற்கவும் ஆசையில்லை. காவலாளி வந்து எங்கள் இருவரையும் பிரித்தார். பிள்ளைகள் வாசலில் குவிந்து நின்று பார்த்தார்கள். அவர் படிக்கட்டில் சரிந்து உட்கார்ந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

“கண்ண விட்டுட்டுத்தானே அடிச்சேன்.”

உண்மைதான். அவள் கண் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

சாயங்காலம், மகளைச் சேர்த்திருந்த மருத்துவமனை வராந்தாவில் தாயைப் பார்த்தேன். அவருக்கும் ஒரு கன்னம் வீங்கி, வாய் ஒருபக்கமாக இழுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நானும் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். மகள் இப்படிப் பொய்க் கையெழுத்து போடுகிற அளவுக்குப் பயந்திருக்கிறாள், அது எனக்குத் தெரியாமல் போயிற்று என்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“அவ போடல டீச்சர், நான்தான் போட்டேன். அவருக்குத் தெரிஞ்சா அடிப்பாருன்னு போட்டேன். அவ அடி வாங்கறப்ப நான்தான்னு சொன்னேன், எனக்கும் விழுந்துச்சு. என் பேரையே போட்டிருப்பேன். லெட்டர்ல அப்பா ஸைன்தான் வேணும்னு இருந்துச்சே.”

கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் காட்டினார். என் தமிழ்த் தாள். விரல் வைத்த இடத்தில் என் எழுத்தில் இருந்தது: தந்தையின் கையொப்பம். ஆங்கிலத்தில் தாய் தகப்பன் இருவருக்கும் பொதுவான சொல்லைத்தான் போட்டிருந்தேன். தமிழில் அவசரத்தில், பழக்க தோஷத்தில், தந்தை என்று எழுதித் தொலைத்திருக்கிறேன். ஒரு சொல்லுக்கு அரைப் புள்ளி பிடுங்குகிற நான். அந்தத் தாளை வரிவரியாகப் படித்த ஒரே ஆள் அவர்தான், படித்ததற்கு வாங்கிய அடி கன்னத்தில் இருந்தது. மகளோ முதுகுத் தோல் உரிகிறவரைக்கும் அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அங்கேயே என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. வெட்கம்கெட்டு, பெற்றோர் என்று எழுதியிருக்க வேண்டும் அக்கா, தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னேன். பரவாயில்ல டீச்சர் என்றார். அந்தப் பரவாயில்லையை என்னால் இன்றுவரை பொறுக்கமுடியவில்லை.

அகராதிக்காகப் பள்ளி முதல்வர் என்னிடம் விளக்கக் கடிதம் கேட்டார். கொடுத்தேன், வருந்துகிறேன் என்று மட்டும் எழுதவில்லை. தகப்பனார்மேல் வழக்கு நடக்கிறது. தாயும் மகளும் கோலாலம்பூர்ப் பக்கம் ஸ்ரீ கெம்பாங்கானில் சித்தி வீட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. பள்ளி மாறவேண்டும். அந்தப் பக்கத்துப் பள்ளியில் இப்படி ஒரு வகுப்பு இல்லை. இங்கேயே இருந்துடறேன் டீச்சர், பஸ்ஸில் வரேன் என்று அவள் என்னிடம் கெஞ்சினாள். தகப்பனாருக்குத் தெரிந்த பள்ளி இது, முடியாது என்று நான்தான் சொல்லவேண்டியதாயிற்று.

ஒரு வாரம் கழித்து மாற்றல் பாரத்தை நிரப்ப அலுவலகத்துக்கு வந்தார்கள். தாய் எல்லாவற்றையும் மகளிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இதுல நான் போடலாமா டீச்சர்?”

போடுங்கக்கா என்றேன். தன் பெயரைத் தமிழில் ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். கடைசி எழுத்தில் அந்தக் கொக்கி வால் வந்து நின்றது. மகள் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனபிறகு வகுப்புக்கு வந்து சிறப்பு வகுப்புப் பட்டியலை எடுத்தேன். சிவப்புப் பேனாவைத் திறந்தேன். அவள் பெயரை நான்தான் அடித்தேன்.