ஒரு லயத்துக்கு ஒரே வைஃபை

ஊர் ஊராகத் திரிந்த காலத்தில் டிக்கோயாப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஒரு லயம் முழுவதற்கும் ஒரே வைஃபை பெட்டி பொருத்திவிட்டு, அங்கேயே தங்கியிருந்தேன். மாலையில் எல்லாரும் படம் பார்ப்பார்கள். நின்றுபோனால் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். லைன் இன்னும் திணறும்.

அன்று என் அறைக்கு அடுத்த காம்பராக்காரரின் மனைவி சவூதியிலிருந்து வீடியோவில் அழைத்தார். வேலை செய்யும் வீட்டில் அடிக்கிறார்கள் என்று அழுத முகம் பாதியில் உறைந்தது.

"எவன்டா படம் பாக்குறவன்?" காம்பராக்காரர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு பாய்ந்தார்.

"ஒங்க ஒருத்தருக்கா லைன் இழுத்தாங்க?" என்றான் எதிர்வீட்டுக்காரன்.

கத்தி அவன் தோளில் இறங்கியது. தடுத்த என் கையும் கிழிந்தது.

தையல் போட்டு வந்து, ஒற்றைக் கையால் பெட்டியைத் திருத்தினேன். பீலிக் குழாயில் தண்ணீருக்கு முறை விடுவதுபோல ஒவ்வொரு போனுக்கும் கொஞ்சம் கொஞ்சம். பேச்சு முதலில், படம் பிறகு.

மறுநாள் அவர் மனைவி அழைத்தபோது முகம் உறையவில்லை. அவர் விட்டுப்போன போன் என்னிடம் இருந்தது.

"அவரு எங்கங்க?" என்று கேட்டார்.

பொலிஸில் என்று சொன்னேன்.