மூன்று டெனாரும் திறக்காத வாயும்

யூகலேலே விற்கிற வேலைக்குப் பாட்டு தெரிய வேண்டாம், தாளம் தெரிய வேண்டாம், வாய் திறக்கத் தெரிந்தால் போதும். எனக்கு அந்த ஒன்றுதான் வராது.

துணிக்கடையிலும் மருந்துக்கடையிலும் கால் கடுக்க நின்று, "எது நல்லா இருக்கும் தங்கச்சி?" என்ற கேள்விக்குத் தினமும் முழிக்கிற அக்கா தங்கச்சிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மலேசியாவில், பகாவ் டவுனில் ஓர் இசைக்கருவிக் கடையில் வேலை செய்கிறேன். இடைநிலைப் பள்ளிக்கு இரண்டு வருஷம் போனதோடு என் படிப்பு முடிந்தது. அப்புறம் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கினேன். பழம் நம்மைப் பேசச் சொல்லாது, அதனால் பிழைத்தேன். மகள் பிறந்த பிறகு அவளைக் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை, வீட்டில் பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை. இந்தக் கடையில் பாலர் பள்ளி விட்டதும் அவள் கல்லாவுக்குப் பின்னால் கீபோர்டு பெட்டிமேல் உட்கார்ந்து வண்ணம் தீட்டலாம். எங்கள் முதலாளி ஸ்டீபன் அண்ணன் அதற்கு ஒன்றும் சொல்வதில்லை.

ஆனால் சேர்ந்த அன்றே ஒன்று சொல்லிவிட்டார். சுவரில் மூன்று டெனார் யூகலேலே தொங்கும். குட்டி யூகலேலேயைவிடக் கொஞ்சம் பெரிசு, கித்தாரைவிடச் சின்னது, நாலு கம்பி. ஒட்டுப்பலகை இல்லை, முழுமரம். ஒன்று மஹோகனி, ஒன்று அக்கேசியா, ஒன்று மாமரம். ரொம்ப மலிவும் இல்லை, ரொம்ப விலையும் இல்லை, மூன்றும் ஏறக்குறைய ஒரே விலை. அதனால்தான் எதை எடுப்பது என்று யாருக்கும் தெரியாது. "மூணு மாசம் டைம் மாலா. உன் வாயால பேசி ஒண்ணே ஒண்ணு வித்துக் காட்டு. அவங்களா எடுத்துக்கிட்டுப் போறது சேர்த்தி இல்ல. முடியலன்னா எனக்கு வேற ஆள்தான் பாக்கணும்" என்றார். மஹோகனி இதமாக இருக்கும், அக்கேசியா பளிச்சென்று கேட்கும், மாமரம் ரெண்டுக்கும் நடுவில் என்று சொல்லிக்கொடுத்தார். பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். சட்டிக்கு முன்னால் நன்றாக வந்தது.

தட்டிப் பார்த்தவர்

முதல் வாரம் ஒரு பெரியவர் வந்தார். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவராம். ஓய்வு பெற்றாயிற்று, பொழுது போக ஏதாவது வாசிக்கலாம் என்று பிள்ளைகள் சொன்னார்களாம். மூன்றையும் கண்ணாடி மேசைமேல் படுக்க வைத்து, பலாப்பழம் வாங்குகிறவர் மாதிரி விரல் மடக்கித் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். முதுகுப் பக்கம் மோந்து பார்த்தார். கம்பியை மட்டும் தொடவே இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "இதுல எது ரப்பர் மரம்?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். "ஒண்ணு கூடவா இல்ல?" மறுபடியும் ஆட்டினேன். அவர் முகம் அப்படியே சுருங்கிப்போயிற்று. மூன்றையும் ஒழுங்காகத் திருப்பி மாட்டிவிட்டு, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நாடு பூரா அது பாலக் குடிச்சுத்தானம்மா வளந்துச்சு, அதுக்கு நாலு கம்பி கட்ட ஒருத்தனுக்கும் மனசு வரல பாத்தியா!"

மோட்டாரில் வந்த மாமரம்

ஒருத்தர் மாமரத்து டெனாரைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாமரமா? நம்ம வீட்டுல இருக்கிற அதே மாமரமா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலையில் அவர் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் தொடை தடிமனில் ஒரு கட்டையைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். "மரம் என்னோடது. கூலி மட்டும் வாங்கிக்கிட்டு ஒண்ணு செஞ்சு குடுங்க. காய்க்காத மரந்தான், ஆனா முழுமரம்" என்றார்.

எங்கள் கடையில் கம்பி மாற்றுவதும் பழுது பார்ப்பதும் ஆ லோங் அண்ணன். சீனர், ஆனால் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவர், என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். "அண்ணே, இது கம்பி மாத்துற கடைலா, மரம் அறுக்குற கடை இல்ல" என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோதே கட்டைக்குள்ளிருந்து முசுறு எறும்பு வரிசையாக வெளியே வர ஆரம்பித்தது. ஒரு கூட்டம் கித்தார் பைக்குள் போனது. ஒரு கூட்டம் ஆ லோங் அண்ணனின் கால்சட்டைக்குள் போனது. அவர் குதித்த குதிக்கு நான்கு வாடிக்கையாளர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மாமரத்துக்காரர் அசையவில்லை. கட்டையைத் திரும்பத் தூக்கி மோட்டாரில் கட்டிக்கொண்டு சொன்னார்: "செய்ய முடியாதுன்னா பரவால்ல, எறும்பு ஃப்ரீயா இருக்கட்டும், நீங்களே வச்சுக்குங்க."

சீட்டுக் குலுக்கல்

பக்கத்துத் தோட்டத்துத் தேவாலயத்திலிருந்து பாடகர் குழு வேன் பிடித்து வந்தது. எட்டுப் பேர். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தர ஒரே ஒரு டெனார் வேண்டும். எட்டுப் பேருக்கும் எட்டுக் கருத்து. கடைசியில் அவர்கள் தலைவர், "நாம ஏன் அடிச்சுக்கணும்? சீட்டுப் போடுவோம்" என்றார். மூன்று துண்டுக் காகிதத்தில் மூன்று மரத்தின் பெயரை எழுதி, என் மகளின் பென்சில் டப்பாவில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி ஜெபம் பண்ணினார்கள். "பாரபட்சம் இல்லாத ஆளு எடுக்கட்டும்" என்று டப்பாவை என்னிடம் நீட்டினார்கள்.

எடுத்தேன். மாமரம். தலைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஜெபம் கொஞ்சம் அவசரமாப் பண்ணிட்டோமோ?" என்றார். மறுபடி ஜெபம், இந்தத் தடவை நீளமாக. மறுபடி மாமரம். ஒரு அக்கா, டப்பா சரியில்லை என்றார். தொப்பியில் போட்டார்கள். மூன்றாவது தடவை அக்கேசியா வந்ததும், "இப்பத்தான் தேவ சித்தம் தெளிவாத் தெரியுது!" என்று கைதட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். வேன் போனதும் நான் ஸ்டீபன் அண்ணனை ஆசையோடு பார்த்தேன். அவர் சுவரில் இன்னொரு அக்கேசியாவை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இது உன் கை வித்ததும்மா, வாய் இன்னும் வேலைக்கே வரல."

உள்ளே ஏதோ உருளுகிறது

ஓர் அம்மா மகளோடு வந்தார். மகள் மூன்றையும் வாசித்துக் காட்டினாள். அம்மா அதைக் கேட்கவில்லை, தள்ளி நின்று போட்டோ எடுத்தார். மகள் மேடையில் கட்டப்போகும் பட்டுப் பாவாடையைப் பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைத்துப் பார்த்தார். மஹோகனியின் செம்பழுப்பு சரியாகப் பொருந்தியது. வாங்கிவிட்டார். நான் செய்ததெல்லாம் பாவாடையை மடித்துக் கொடுத்ததுதான்.

மூன்றாம் நாள் திரும்ப வந்தார். "வாசிச்சா உள்ள ஏதோ உருளுது" என்றார். பார்த்தால் யூகலேலேயின் நெற்றியில் சந்தனம், குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. கோயிலில் பூசை போட்டிருக்கிறார்கள். புது மோட்டாருக்குச் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைப்போம் இல்லையா, இதற்குச் சக்கரம் இல்லை. பூசாரி யோசித்துப் பார்த்து, கம்பியை ஒதுக்கி, பழத்தை ஓட்டை வழியாக உள்ளே விட்டுவிட்டார். ஆ லோங் அண்ணன் நாலு கம்பியையும் கழற்றி, கவிழ்த்துப் பிடித்து, தொட்டிலை ஆட்டுகிற மாதிரி ஆட்டி ஆட்டி ஒருவழியாகப் பழத்தை எடுத்தார். அந்த அம்மா பழத்தை வாங்கிப் பார்த்தார், யூகலேலேயைப் பார்த்தார், பிறகு கவலையாகக் கேட்டார்: "பழத்த எடுத்துட்டீங்க சரி, திருஷ்டி உள்ளயே தங்கிருச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

இரண்டாவது எது?

மூன்று மாதம் முடிய நாலு நாள்தான் இருந்தது. ராத்திரி மகள் தூங்கிய பிறகு அலமாரியில் கிடந்த பழைய ரப்பர் பூட்ஸை எடுத்துத் துடைத்து வைத்தேன். எப்படியும் காட்டுக்குத்தான் திரும்பப் போகிறோம் என்று நினைத்தேன். அந்த வாரம் ஒரு பையன், முன்னே பின்னே யூகலேலே தொடாதவன், சிங்கப்பூரில் இருக்கும் கூட்டாளிக்குப் போன் போட்டு, மூன்றையும் ஒவ்வொன்றாக மீட்டிச் சத்தம் கேட்க வைத்தான். கூட்டாளி, "ரெண்டாவதுதான்டா! கண்ண மூடிக்கிட்டு வாங்கு!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டான். இவன் கண்ணை மூடித் திறப்பதற்குள் வரிசையை மறந்துவிட்டான். எனக்குத் தெரியும், அக்கேசியாதான். நாக்கு நுனி வரை வந்தது. "அ" என்று கூட ஒரு சத்தம் வந்தது. அதை அவன் கொட்டாவி என்று நினைத்துக்கொண்டான். எதுவும் வாங்காமல் கிளம்பும்போது அக்கறையாகச் சொன்னான்: "அக்கா, உங்களுக்கு ரொம்ப டயர்டா இருக்கு, போய்க் கொஞ்சம் படுங்க."

பன்னிரண்டரை மணி

கடைசி நாள். காலையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் கடையில். அவர் லாரி ஓட்டுகிறவர், அவருக்கு மஹோகனி வேண்டும். அந்த அக்காவுக்கு அக்கேசியா. "இது சவுண்டு இதமா இருக்கு." "உங்களுக்கு எப்பவும் தூங்கி வழியுற சவுண்டுதான் புடிக்கும்." "உனக்கு எப்பவும் காது கிழியணும்." பிறகு பேச்சு யூகலேலேயை விட்டு நகர்ந்தது. ஜன்னலுக்கு அவர் வாங்கிய பச்சை லங்சீர்த் திரை, அவர் தங்கச்சி கல்யாணத்தில் இந்த அக்காவுக்குக் கடைசிப் பந்தியில் சாப்பாடு போட்டது, எல்லாம் வந்தது. ஒவ்வொரு சண்டை முடிவிலும் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு தங்கச்சி" என்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன்.

பாலர் பள்ளி பன்னிரண்டரைக்கு விட்டுவிடும். ஆ லோங் அண்ணன் வெளியே போயிருந்தார், ஸ்டீபன் அண்ணன் பின்னறையில் போனில். கடிகாரம் பன்னிரண்டு முப்பத்தைந்து. என் பிள்ளை கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்ததும் எனக்குள் என்னவோ அறுந்தது. சுவரிலிருந்து மாமரத்தை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். "அண்ணே, மஹோகனி வாங்கினா அக்கா ஏசுவாங்க! அக்கா, அக்கேசியா வாங்கினா அண்ணன் வாசிக்கவே மாட்டாரு! இது மாமரம், ரெண்டுக்கும் நடுவுல, ரெண்டு பேருக்குமே தோல்வி! எத வாங்கினாலும் அண்ணன் அதே மூணு பாட்டத்தான் வாசிக்கப் போறாரு! எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க, நான் போய் என் பிள்ளையக் கூட்டிட்டு வரணும்!"

பின்னறையில் போன் பேச்சு நின்றுவிட்டது. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அந்த அக்காதான் முதலில் சிரித்தார். "மூணு பாட்டுன்னு எப்படிடீ கண்டுபிடிச்ச?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் மாமரத்தைப் பையில் போடச் சொன்னார். காசு வாங்கி, ரசீது எழுதி, நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடும்போது ஸ்டீபன் அண்ணன் பின்னறைக் கதவைத் திறந்து கத்தினார்: "மாலா, திங்கக்கிழமையும் வா, எப்பவும் வா, ஆனா எல்லாரையும் இப்படி ஏசாதம்மா!"

மூன்றில் எது நல்ல மரம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, ஆனால் வாங்க வருகிறவர்களுக்கும் தெரியாது என்று தெரிந்த பிறகு சட்டிக்கு முன்னால் வந்த தமிழ் மனுஷருக்கு முன்னாலும் கொஞ்சம் வருகிறது.