அம்மன் தேர் போகும்வரை கட்டாத கம்பி

தேரன்று எங்கள் வீதியில் முதலில் இறங்குவது கம்பிகள்தாம். திருவண்ணாமலைப் பெரிய தேர் வீட்டு மாடிகளுக்கும் மேலே நிற்கும். அதனால் குறுக்கே போகும் கரண்ட் கம்பி, டெலிபோன் கம்பி எல்லாவற்றையும் காலையிலேயே அவிழ்த்துச் சுவரோரம் சுருட்டி வைத்துவிடுவார்கள். அறுபதுகளில் அந்த வீதியில் போன் வைத்திருந்த வீடுகள் மிகக் குறைவு. மாமனார் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்ததால் எங்களுக்கு அது வாய்த்தது.

அந்த வருஷம் மாமனார் வயிற்று ஆபரேஷனுக்காக மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இருந்தார். கூடவே இருந்த என் கணவர் தினமும் ட்ரங்க் கால் போட்டு மாமியாரிடம் நிலைமையைச் சொல்வார். பெரிய தேர் எங்கள் வாசலைத் தாண்டியதும் லைன்மேன் ஏணியோடு வந்து நின்றார்.

"அம்மன் தேரு சின்னதுதாம்மா, தூக்கிக் கட்டினா இடிக்காது. கட்டிடட்டுங்களா?"

மாமியார் ஒப்பவில்லை. அம்மன் தேரைப் பெண்கள்தாம் இழுப்பார்கள், அவரும் கிளம்பிக்கொண்டிருந்தார். "தாலிப் பிச்சை கேட்டு வடம் புடிக்கப் போறேன், அவ தலைக்கு மேல கம்பி கட்டுவேனா? அவ போகட்டும்ப்பா, அப்புறம் கட்டு" என்றார்.

அம்மன் தேர் நிலைக்கு வருவதற்குள் இருட்டி, மழையும் பிடித்துக்கொண்டது. லைன்மேன் நனைந்தபடியே அவசரமாகக் கம்பியை முறுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மணி அடித்தது. மாமியார் ஓடிப்போய் எடுத்தார். எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் ஒரே இரைச்சல். நான் வாங்கிப் பார்த்தேன், எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அவர்பாட்டுக்குப் பேசினார்.

"எனக்குக் கேக்கலடா. உனக்குக் கேக்குதோ என்னவோ. நேத்து நான் வடம் புடிச்சேன்னு அப்பாகிட்ட சொல்லு. இனிமே பயமில்லன்னு சொல்லு. குங்குமம் எடுத்து வெச்சிருக்கேன், வந்ததும் இட்டுக்கச் சொல்லு."

மத்தியானம் லைன்மேன் மறுபடி வந்து கம்பியைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தபோதே தந்தி வந்துவிட்டது. அப்பா காலமானார், கொண்டுவருகிறோம் என்று. மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. போய் இறக்கி வைத்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கணவர் என்னிடம் மட்டும் சொன்னார். "விடியக்காலையிலேயே போயிட்டாரு. அதச் சொல்லத்தான் போன் போட்டேன். நான் கத்துனது அம்மாவுக்குக் கேக்கல. அம்மா பேசுனது அத்தனையும் எனக்குக் கேட்டுச்சு. அதக் கேட்டப்புறம் மறுபடி போன் போட முடியல. தந்தி குடுத்துட்டேன்."

இன்று அந்த வீட்டில் ஆளுக்கொரு போன் இருக்கிறது, நானும் மாமியாராகிவிட்டேன். என் மாமியார் துக்கம் கேட்க வந்தவர்களிடமும், பிறகு சாகும்வரை ஒவ்வொரு தேரன்றும் சொன்னது ஒன்றுதான். "நான் வடம் புடிச்ச சேதியக் கேட்டுட்டுத்தான் அவரு கண்ண மூடினாரு."

பக்கத்தில் இருக்கும் மகனைத் திரும்பிப் பார்ப்பார். அவரும் ஒவ்வொரு தடவையும், "ஆமாம்மா, கேட்டாரு" என்பார்.