தண்ணீர் வந்த பிறகுதான் அடுப்பு

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். திருச்செங்கோட்டில் சொந்தமாக ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்தேன். ராசிபுரத்துப் பக்கம் எவனும் இறங்காத பாறையைக் குடைந்து தண்ணீர் காட்டினேன். மாடி வீடு கட்டினேன், தங்கச்சிகளைக் கரையேற்றினேன். யார் கையைப் பிடித்தும் மேலே வரவில்லை.

என் வண்டியில் ஒரு சட்டம் உண்டு. போர் போட ஆரம்பித்தால் தண்ணீர் தெரியும்வரை அடுப்பு பற்றக் கூடாது. முதல் குழியில் பட்டினியாக நின்றேன், தண்ணீர் பீறிட்டது. அதிலிருந்து, மீறினால் சாமி குத்தம் என்றாகிவிட்டது. பால் இல்லாத வறக்காப்பி மட்டும் குடிக்கலாம்.

மிஷினை ஓட்டியவன் என் மனைவியின் தம்பி. அதன் அதிர்வில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் வலி மாத்திரையை விழுங்கி, மேலே வறக்காப்பியை ஊற்றிக்கொண்டு நிற்பான்.

“வவுறு எரியுதுங்க மாமா. ரெண்டு வாய் தின்னுட்டு ஓட்டறனுங்க.”

“உனக்குப் பந்தி போடவா மாப்பிள்ளை ரிக்கு வாங்கியிருக்கறேன்? தண்ணி வரட்டும்.”

ஆட்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

ஒரு கோடையில், நாமகிரிப்பேட்டைக் காட்டில் பாறை விடவே இல்லை. இரண்டாம் நாள் உச்சிவெயிலில் குனிந்து வாந்தி எடுத்தான். காப்பித்தூள் போலக் கறுப்பாக வந்தது. குடித்த காப்பிதான் என்று சொல்லி வண்டியை ஓடவிட்டேன். தண்ணீர் பீறிட்டபோது அவன் சேற்றில் சாய்ந்து கிடந்தான்.

“வயித்தோட உள்சவ்வு வெந்து ரத்தம் கசியுது. என்ன பழக்கம் இவருக்கு?” என்று கேட்டார் சேலத்து டாக்டர்.

“சாராயமுங்க” என்றேன் நான்.

அவன் என்னைப் பார்த்தான்.

“ஏனுங்க, எந்தம்பி அதை மோந்துகூடப் பாத்ததில்லீங்களே” என்றாள் என் மனைவி.

“உனக்குத் தெரியாது, நீ சும்மா இரு” என்றேன்.

அந்தச் சொல் ஊருக்குள் போயிற்று. பெண் கொடுப்பதாக இருந்த வீட்டார் ஒதுங்கிக்கொண்டார்கள். பிறகு யாரும் பெண் கொடுக்கவில்லை. ரிக் கம்பி துருப்பிடிக்கும் என்று தினமும் கிரீஸ் தடவ வைத்தவன் நான். அவன் வயிறு உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்ததை அவனே சொல்லியும் நான் கேட்கவில்லை.

இன்றைக்கும் அவன் குழைந்த மோர்ச்சோறுதான் தின்கிறான். ‘குடிச்சுக் கெட்டவன்’ என்று என் பேரப்பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். அவன் குடித்ததில்லை. ரிக்கும் வீடும் யார் உண்டாக்கியது என்று கேட்டால் என் பேரைச் சொல்கிறீர்கள் அல்லவா? அவன் வயிற்றுப் புண்ணையும் நான்தான் உண்டாக்கினேன். அதற்கும் என் பேரைத்தான் சொல்ல வேண்டும்.