பின்பக்கத்துப் பாஷை

பள்ளியில் ஓ.எல். பரீட்சை வரை மட்டும் படித்தவள் ஆய்வேட்டைப் பற்றி எழுதலாமா என்று கேட்பீர்கள். ஆய்வேட்டை எழுதியவர் ஒரு மிஸ். நான் டைப் அடித்தவள், அவ்வளவுதான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

சண்டை நடந்த வருடங்களில் கண்டியில் ஒரு டைப்பிங் கடையில் வேலை செய்தேன். அந்த மிஸ் யாழ்ப்பாணத்தவர்; கிழக்குக் கரையோர வேடர்களின் சடங்குப் பாட்டுகளை முதுதத்துவமாணி என்கிற எம்.ஃபில். பட்டத்துக்கு ஆய்வு செய்தார். சண்டையில் யாழ்ப்பாணப் பாதை மூடி மூடித் திறந்ததில் தவணையைப் பலமுறை நீட்டியாகிவிட்டது. அன்று நாலு மணிக்குள் பல்கலைக்கழகக் கம்பஸில் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து.

கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் இரண்டு தாளுக்கு நடுவே காபன் தாளை மை கீழே பார்க்க வைத்து டைப் அடித்தால், கீழ்த்தாளில் பிரதி விழும்.

"நான் காபன் வைச்சுத் தாறன், நீங்கள் அடியுங்கோ அக்கா" என்றார் மிஸ்.

பாட்டுப் பக்கங்களுக்கு மையை மேலே பார்க்க வைத்துவிட்டார். கீழ்த்தாள் வெறுமை. மேல்தாளின் முதுகில் பாட்டு முழுக்கக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி விழுந்திருந்தது.

"திரும்ப அடிக்க நேரமில்ல மிஸ்."

"பிரதிக்குப் போட்டோகொப்பி வைப்பம். முதுகை ஆர் பாக்கப்போயினம்?"

ஆமிக்காரர் பார்த்தார். மிஸ்ஸுக்குத் துணையாக நானும் கம்பஸுக்குப் பஸ் ஏறியிருந்தேன். சோதனைச் சாவடியில் எல்லாரையும் பஸ்ஸிலிருந்து இறக்கியபோது, ஓர் இளம் சிப்பாய் ஏட்டைப் புரட்டிச் சிங்களத்தில் கேட்டார்.

"முன்பக்கம் தமிழ். பின்பக்கம் என்ன பாஷை?"

இது வேடர்களைப் பற்றிய ஆய்வு என்றார் மிஸ்.

"அப்போ இது வேடர் பாஷையா?"

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிப்பாயின் முகம் இறுகியது.

"சிரிக்காதீங்க மிஸ், உள்ள போட்டுருவாங்க."

"சிரிப்பை அடக்க ஏலாமக் கிடக்கு அக்கா."

பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. வாடிக்கையாளரிடமே தலை குனிந்து பேசுகிறவள் நான். வேறு வழியில்லாமல் கைப்பையிலிருந்து காபனை எடுத்து, மை மேலே பார்க்க வைத்து, அதன்மேல் வெள்ளைத் தாளைப் போட்டேன். எனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில், "மாத்தயா, உங்க பேரை எழுதுங்க" என்றேன்.

எழுதினார். தாளைத் திருப்பினேன். தன் பெயரையே அவரால் வாசிக்க முடியவில்லை. உடனே மற்றவர்களைக் கூப்பிட்டார். ஒருவர் ஏதோ பெண்ணின் பெயரை எழுதினார். நண்பர்கள் அதைப் பறித்துக்கொண்டு ஓடி, வரிசையில் நின்ற, அக்குறணை ஊரிலிருந்து கிராம்பு ஏற்றி வந்த லொறியின் கண்ணாடியில் காட்டி, உரக்க வாசித்துக் கூத்தடித்தார்கள்.

"நல்லா வாசிங்க, ஏன்ட கராம்பு மூட்டையும் கேக்கட்டும்" என்றார் லொறிக்காரர்.

சிப்பாய் ஏட்டைத் திருப்பித் தந்து, அந்த லொறியிலேயே எங்களை ஏற்றிவிட்டார். மூட்டைகளின்மேல் உட்கார்ந்து கம்பஸ் வரை சிரித்தோம், ஏனென்றே தெரியாமல்.

கம்பஸ் பதிவுக் கந்தோர் கதவைச் சாத்தப்போன கிளார்க் ஏட்டை மோந்து பார்த்தார்.

"என்ன மிஸ், சமையல் புத்தகமா?"

முத்திரை குத்தினார். பின்பக்கத்தைப் பார்க்கவில்லை.

தன் தொழிலைப் பற்றிக் கேட்டால் கூச்சக்காரிக்கும் வாய் திறக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். கடைதான் திறக்கவில்லை.