வலைக்குள் இருபத்து நான்கு பிள்ளைகள்

பதினோராம் வகுப்பு முடித்த வருஷம், பால்வாடி வேலை பழகப் போகிறேன் என்று நான் சொன்னதும் அம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஊரார் புள்ளைக்கு மூக்குச் சிந்தி விடுறதுக்கு ஒரு படிப்பா?"

"படிப்பு இல்லம்மா, பயிற்சி. ஆறு மாசம் ஒரு டீச்சரோட கூட இருந்து பழகணும். அப்புறம் மேலேருந்து ஒரு அம்மா வந்து பாப்பாங்க. தேவலாம்னு எழுதிட்டாங்கன்னா வேலை."

"எழுதலன்னா?"

"திரும்பி வந்து உன்கூட மீன் விக்கிறேன்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துவிட்டது. எப்படியும் திரும்பி வந்துவிடுவேன் என்ற தைரியத்தில்தான் என்னைப் பஸ் ஏற்றிவிட்டாள்.

எங்கள் ஊர் கடற்கரை. அப்பா கட்டுமரத்தில் போகிறவர். எனக்குக் கீழே நான்கு தம்பிகள். நால்வரையும் இடுப்பில் சுமந்து வளர்த்தவள் என்பதால், குழந்தைகள் விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு எனக்கு இருந்தது. முதல் நாள் காலை பத்து மணிவரை இருந்தது.

நன்னிலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வரப்பிலும் வாய்க்கால் கரையிலுமாக முக்கால் மணி நேரம் நடந்தால் அந்தக் கிராமம் வரும். கழக ஆட்சி வந்திருந்த காலம். சுவர்களில் ஒரு கட்சியின் சின்னம், தெற்குத் தெரு முனையில் இன்னொரு கட்சியின் செங்கொடி. நிலத்தில் பெரும்பாலானது ஒரே குடும்பத்துடையது. அவர்கள் வீட்டைப் பண்ணை வீடு என்பார்கள். தெற்குத் தெருக்காரர்கள் அந்த நிலத்தில் கூலிக்கு நட்டு, களை பறித்து, அறுத்தார்கள். அந்தப் பெண்கள் வயலில் இறங்கும் நேரத்தில் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் பால்வாடி. பண்ணை வீட்டுப் பெரியவரின் பழைய நெல் கொட்டகையில் அது நடந்தது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டதால் மறுக்க முடியாமல் கொடுத்தாராம்.

டீச்சருக்கு என்னைவிட ஆறேழு வயதுதான் கூட இருக்கும். திருவையாற்றுப் பெண். நிறைமாதத்துக்கு இன்னும் நாள் இருந்தும் வயிறு முன்னால் வர, அவர் பின்னால் வருவார். என் கையில் வருகைப் பதிவேட்டைக் கொடுத்து, "எண்ணிட்டு வா" என்றார்.

எண்ணினேன். மறுபடி எண்ணினேன். பதிவேட்டில் இருபத்து மூன்று பேர். கொட்டகையில் இருபத்து நான்கு தலைகள்.

"டீச்சர், ஒண்ணு கூட இருக்கு."

"கொறைஞ்சா ஓடி வந்து சொல்லு. கூட இருந்தா ஒண்ணும் சொல்லாத."

இருபத்து நான்காவது தலை பண்ணை வீட்டுப் பேத்தியுடையது. நான்கு வயதுச் சிறுமி. தினமும் வைக்கோல் போருக்கும் வேலிக்கும் நடுவே இருந்த சந்து வழியாக நுழைந்து வந்து, தெற்குத் தெருப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து கோதுமை உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டுப் போவாள். அவள் அம்மாவுக்கு, அதாவது அந்த வீட்டு மருமகளுக்கு, இது தெரியும். தாத்தாவுக்குத் தெரியாது.

"நீயும் பாக்கல, நானும் பாக்கல, புரியுதா?" என்றார் டீச்சர்.

அன்று பத்து மணிக்கு ஒரு கைக்குழந்தை அழுதது. தூளியை ஆட்டினேன். உடனே பக்கத்துத் தூளி அழுதது. பிறகு அதற்குப் பக்கத்துத் தூளி. ஏழு தூளிகளும் அழ ஆரம்பித்ததும் எனக்கும் அழுகை வந்தது. சமையல் செய்யும் ஆயா தெற்குத் தெருக்காரர். கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"எட்டாவது தூளி கட்டணுமா டீச்சரு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பில் மூன்று தூளிகள் அடங்கின.

ஆறு மாதத்தில் நான் பழகியவற்றை எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்க மாட்டார்கள். பசி அழுகை எது, எறும்பு கடித்த அழுகை எது, சும்மா கூப்பிடும் அழுகை எது என்று காது பிரித்துச் சொல்லப் பழகியது. ஒரு குழந்தைக்கு நகம் வெட்டும்போது இன்னொன்றின் மேல் கண் வைக்கப் பழகிவிட்டேன் என்று நினைக்கும்போதே மூன்றாவது ஒன்று பால் பவுடர் டப்பாவுக்குள் தலையை விட்டிருக்கும். மதியம் தாய்மார்கள் முழங்கால் வரை சேறோடு ஓடி வருவார்கள். வாசலில் கால் கழுவக்கூட நேரமிருக்காது. எந்தப் பிள்ளையை முதலில் எடுத்து நீட்ட வேண்டும் என்பது, யார் தூரத்து வயலுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதைப் பொறுத்தது. அதையெல்லாம் டீச்சர் வாயால் சொல்லவில்லை. நான் தப்பாகச் செய்யும்போது ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

எனக்கு வயல் தெரியாது. நாற்றுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் கேட்டதற்கு மூன்று வயதுப் பையன் ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான். பதிலுக்கு நான் சுறா, திருக்கை, சங்கரா என்று கதை சொன்னேன். ஒரே வாரத்தில் நான் 'மீன் டீச்சர்' ஆகிவிட்டேன்.

புரட்டாசியில் குறுவை அறுவடை வந்தது. கூலி நெல்லை உயர்த்திக் கொடுத்தால்தான் அரிவாள் எடுப்போம் என்று தெற்குத் தெரு உட்கார்ந்துவிட்டது. பண்ணை வீடு வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்தது. வரப்பில் கொடிகளை நட்டு வழி மறித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் போலீஸ் வண்டி வந்து நின்றது. இரண்டு பிள்ளைகளின் அப்பாக்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, எப்போதும் இரண்டு தட்டு உப்புமா சாப்பிடுகிறவள், அன்று வாயைத் திறக்கவே இல்லை. அவளை மடியில் வைத்துக்கொண்டு நானும் சாப்பிடாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு கவளத்தை எடுத்து என் வாயில் வைத்தாள். அதற்குப் பிறகு அவளும் சாப்பிட்டாள்.

மற்றப் பிள்ளைகள் அதையும் விளையாட்டாக்கிக்கொண்டார்கள். குச்சியில் சிவப்புத் துணி கட்டிப் போராட்டம் நடக்கும். போலீஸாக இருக்க யாரும் சம்மதிக்காததால் தினமும் நான்தான் போலீஸ். தினமும் தோற்றேன்.

இந்த நேரம் பார்த்து டீச்சருக்குக் கால் வீங்கிவிட, அவர் கணவர் வந்து பிரசவத்துக்குத் திருவையாற்றுக்கு அழைத்துக்கொண்டு போனார். போகும்போது டீச்சர் சொன்னது ஒன்றே ஒன்று: "வாய்க்கால்ல தண்ணி போவுது. கண்ணு அதுமேலயே இருக்கட்டும்."

அவர் போன மூன்றாம் நாள் காலை கொட்டகைக்கு வந்தபோது கதவில் பூட்டுத் தொங்கியது. பண்ணை வீட்டுக் காரியஸ்தர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அம்மாக்காரிங்க வேலைக்கு வரல. அப்புறம் புள்ளைங்களுக்கு எங்க கொட்டகை எதுக்கு?"

"உள்ள கோதுமை இருக்கு, பால் பவுடர் இருக்குங்க" என்றேன்.

"ஐயா உத்தரவு."

ஆயா முந்தானையை இழுத்துச் செருகினார். "உத்தரவு போட்ட வாயிக்கு ஒருநாளு பசிக்கும்ல" என்று முணுமுணுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இப்ப என்னா பண்றது டீச்சரு?"

யாராவது என்னிடம் "என்ன பண்றது" என்று கேட்டது அதுதான் முதல் தடவை. இடுப்பில் ஒன்று, கையில் பதிவேடு, சுற்றிலும் பிள்ளைகள். வீட்டுக்கு அனுப்பலாமா என்றால், அம்மாக்கள் எல்லாரும் வரப்பில் மறியலில் இருந்தார்கள். போலீஸும் அங்கேதான் இருந்தது.

வாய்க்கால் கரையில் ஒரு பெரிய புங்கமரமும் நாலைந்து பூவரசும் நின்றன. நிழல் நன்றாக இருந்தது. ஆனால் பத்தடியில் தண்ணீர். டீச்சர் சொன்னது காதில் கேட்டது. தெற்குத் தெருவில் வாய்க்கால் மீன் பிடிக்கும் வலை எல்லா வீட்டிலும் உண்டு. ஆயாவை அனுப்பி நான்கு வலை வாங்கி வரச் சொன்னேன். முடிச்சுப் போடுவது மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்கையும் ஒன்றோடொன்று பிணைத்து, மரத்துக்கு மரம் இழுத்து, நெஞ்சு உயரத்துக்கு வேலி கட்டினேன். ஆயா வலையோடு கொண்டுவந்த பழஞ்சேலைகளைத் தூளிகளாகப் பூவரசங் கிளைகளில் தொங்கவிட்டோம். பிள்ளைகளை உள்ளே விட்டதும் ஒருவன் வலையைப் பிடித்துக்கொண்டு, "நாமெல்லாம் மீனு!" என்று கத்தினான். அதற்குப் பிறகு அரைமணி நேரம் யாரும் தரையில் நடக்கவில்லை, நீந்தினார்கள்.

ஆயா அவரவர் வீட்டிலிருந்து பிடி அரிசி வாங்கி வந்து, மூன்று கல் கூட்டிக் கஞ்சி வைத்தார். தலையை எண்ணினேன். இருபத்து நான்கு. பூட்டுப் போடச் சொன்னவரின் பேத்தியும் வந்து, நடுவில் சுறாவாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் என்னைப் பார்த்து எழுத வேண்டிய மேற்பார்வை அம்மா வந்தார்.

கறுப்புக் குடை, தோளில் பை, செருப்பு முழுக்கச் சேறு. கொட்டகைக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு, சத்தத்தை வைத்துக் கரைக்கு வந்திருக்கிறார். வலைக்கு வெளியே நின்று உள்ளே இருந்தவர்களைப் பார்த்தார். உள்ளே இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள்.

"நீதான் பயிற்சிக்கு வந்த பொண்ணா?"

"ஆமாங்கம்மா."

"பிள்ளைங்களுக்கு என்ன பாட்டு சொல்லிக் குடுத்திருக்க? பாடச் சொல்லு, கேப்போம்."

நிலாப் பாட்டு, காக்கைப் பாட்டு எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தேன். "பாடுங்க கண்ணுங்களா" என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தூளிக்கு வெளியே இருந்த தொண்டைகளெல்லாம் ஒன்றாகக் கிளம்பின.

"ஒசத்து ஒசத்து! கூலிய ஒசத்து!"

எல்லாரையும்விடச் சத்தமாக, கையை முஷ்டி பிடித்து உயர்த்திக் கத்தியவள் பண்ணை வீட்டுப் பேத்தி.

அம்மாவுடன் மீன் விற்கப் போவதாக அந்த நொடியிலேயே மனத்தளவில் கூடையைத் தூக்கிவிட்டேன். மேற்பார்வை அம்மா குடையை முகத்துக்கு நேராகச் சாய்த்துக்கொண்டார். குடை குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் சிரிக்கிறார் என்று புரிந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டை வாங்கினார். எண்ணினார். "இருபத்தி மூணுதான் எழுதியிருக்க. அந்தப் பொண்ணு யாரு?"

நீயும் பாக்கல, நானும் பாக்கல என்பது இவரிடம் செல்லாது. உண்மையைச் சொன்னேன்.

"சரி. அதை நாமளே வீட்டுல விட்டுட்டு வருவோம்."

மற்றவர்களை ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு, சின்னவளை நடுவில் விட்டு, இருவரும் ஆளுக்கொரு கை பிடித்துப் பண்ணை வீட்டுக்குப் போனோம். பெரியவர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேத்தியின் கன்னத்தில் காய்ந்திருந்த கஞ்சியைப் பார்த்தார்.

"எங்க போயிருந்த?"

"தாத்தா, நான் சுறா" என்றாள் அவள்.

அப்போது உள்ளேயிருந்து மருமகள் வந்தார். அந்த வீட்டுப் பெண்கள் அந்நியர் முன்னால் வந்து பேசி ஊரார் பார்த்ததில்லையாம்.

"நான்தான் அனுப்பறேன் மாமா. நாலு மாசமா. அங்க போனாத்தான் சாப்புடுது."

பெரியவர் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேற்பார்வை அம்மாவிடம், "என் வயல்ல கொடி நிக்கிற வரைக்கும் கொட்டகைய தொறக்க மாட்டேன்" என்றார்.

"கொட்டகை உங்களோடது, நான் கேக்கல. உள்ள இருக்கற கோதுமையும் பால் பவுடரும் அரசாங்கத்தோடதுங்க. அதைப் பூட்டி வெக்க உங்களுக்கு உரிமை இல்ல. எடுத்துக்கிறோம்."

குரலை உயர்த்தாமல், பையிலிருந்து சரக்குக் கணக்குத் தாள் ஒன்றை எடுத்து நீட்டி அவர் அதைச் சொன்னார். பெரியவர் படித்துவிட்டுச் சாவியைக் காரியஸ்தரிடம் கொடுத்தார். ஒருவேளை பேத்தி அவர் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டதால் எழுந்து சண்டை போட முடியாமல் போயிருக்கலாம்.

அன்று மாலைக்குள் மூட்டைகள் வெளியே வந்தன. ஆனால் ஐப்பசி மழைக்கு மரத்தடி தாங்காது. தெற்குத் தெரு ஆண்கள் வேலை நிறுத்தத்தில் சும்மா இருந்தவர்கள். "கை ஊறுது டீச்சரு" என்று சொல்லிக்கொண்டு, வாய்க்கால் கரைப் புறம்போக்கில் இரண்டே நாளில் மூங்கில் நட்டு, கீற்று வேய்ந்து, சாணம் மெழுகி ஒரு கொட்டகை எழுப்பினார்கள். பழையதைவிடக் காற்றோட்டம். தூளிக்கென்று தனியாக ஒரு உத்தரமே வைத்திருந்தார்கள்.

பத்துப் பதினைந்து நாளில் தாலுகா ஆபீசில் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார்கள். கேட்ட அளவு இல்லை என்றாலும் கூலி உயர்ந்தது. பிடித்துப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். காரியஸ்தர் வந்து, பழைய கொட்டகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஆயா அவரைப் புதுக் கொட்டகைக்குள் அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டி, ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினார். பண்ணை வீட்டுப் பேத்தி அதற்குப் பிறகு முன்வாசல் வழியாகவே வந்தாள். பதிவேட்டில் இருபத்து நான்காவது பெயரை மருமகள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தெற்குத் தெருவுக்கும் பண்ணை வீட்டுக்கும் இடையே மற்றபடி ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. ஆனால் அந்தப் பெயர் பதிவேட்டில் ஏறியது.

டீச்சர் கைக்குழந்தையோடு திரும்பி வந்து நடந்ததையெல்லாம் கேட்டார். "நான் ஒருநாளு உருப்படியா லீவு போடக்கூடாதா?" என்றார். சிரித்துச் சிரித்து, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

தை மாதம் உத்தரவு வந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு கிராமம். புதிதாகத் திறக்கும் பால்வாடி, நான்தான் டீச்சர். அம்மா கூடையைத் தலையில் வைத்தபடியே அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு வழியில் கண்டவர்களிடமெல்லாம், "எம்மவ கவர்மெண்டு டீச்சர்" என்று சொல்லி, கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டு மீன் கூடப் போட்டாளாம்.

புது ஊரில் முதல் நாள் பாயை விரித்து உட்கார்ந்தேன். ஒரே ஒரு குழந்தைதான் வந்தது. அதன் அம்மா இறக்கி விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓட, அது என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. நான் கையை நீட்டினேன். அந்தக் கையை இழுத்து, நன்றாக, பல் பதியக் கடித்தது. வலியில் கண்ணில் நீர் வந்தாலும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பயத்தில் கடிக்கும் கடி அது என்று எனக்குத் தெரிந்திருந்தது. கையை இழுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.